கண்ணுக்குத் தெரியாத காயம்

புகைமூட்டம் மோசமாகும் ஆண்டுகளில் 'ட்ரெயில்' என்ற பெயர் நம் பக்கத்துப் பேச்சில் எப்படியாவது எட்டிப் பார்த்துவிடும். 2015ல் பள்ளிக்கூடங்களை மூடும் அளவுக்குப் புகை சூழ்ந்தபோதும் கேட்டேன். சட்டம் படித்த நண்பர்கள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள்: கனடாவின் புகை அமெரிக்காவுக்குள் போனது, வழக்கு நடந்தது, புகை விட்ட நாடுதான் பொறுப்பு என்று 1941ல் தீர்ப்பாச்சு. அவ்வளவுதான். ஆசியான் நாடுகள் 2002ல் கோலாலம்பூரில் போட்ட புகைமூட்ட ஒப்பந்தம், சிங்கப்பூர் 2014ல் கொண்டுவந்த சட்டம் எல்லாவற்றையும் பற்றிப் பேசும்போது இந்த வழக்கைத்தான் மூதாதையாக நிறுத்துவார்கள்.

எனக்கு அந்தச் சுருக்கம் போதவில்லை. தீர்ப்பையே எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. சட்டத்துக்குச் சமமாக அதில் நிறைந்திருப்பது குதிரைமசால் பயிர், பைன் மரம், மரத்தின் ஆண்டு வளையம், விடிகாலைக் காற்று. ஒரு செடிக்குக் கெடுதல் நடந்ததா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மூன்று சட்டக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் எதைக் கணக்கில் எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் எனக்கு வழக்கைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ட்ரெயில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்கோடியில் கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு. ஆறு தெற்கே ஓடி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குள் நுழைகிறது. எல்லை நேர்கோட்டில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். 1896ல் அங்கே ஓர் உருக்காலை எழுந்தது. 1906ல் அது கனடிய பசிபிக் ரயில்வேயின் பிடியிலிருந்த ஒரு சுரங்க, உருக்கு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1920களில் காரீயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலைகளில் உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று.

இங்கே ஒரு சின்ன விலகல். மலேசியாவில் நாம் ஈயம் என்றால் வெள்ளீயத்தைத்தான் சொல்கிறோம். 1890ல் சிங்கப்பூரின் பூலாவ் பிராணியிலும் 1902ல் பட்டர்வொர்த்திலும் உருக்காலைகள் வந்தது அதற்காகத்தான். நம் வெள்ளீயத் தாது ஓர் ஆக்சைடு. அதில் கந்தகம் குறைவு. காரீயமும் துத்தநாகமும் செம்பும் நிக்கலும் பெரும்பாலும் கந்தகத்தோடு பிணைந்தே பூமிக்குள் கிடக்கின்றன. உலோகத்தைப் பிரிக்க முதலில் தாதுவை வறுக்க வேண்டும். வறுத்தால் கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடு வாயுவாகப் போகும். கூடவே நுண்ணிய துகளாக உலோகமும் கொஞ்சம் பறக்கும். ஈயம் உருக்கிய நம் ஊர்களைச் சுற்றி மலைகள் மொட்டையாகாமல் போனதற்கு இந்த வேதியியல் ஒரு முக்கியக் காரணம். நம் ஈயம் தன் கணக்கைக் குட்டைகளிலும் மணல்மேடுகளிலும் எழுதிவிட்டுப் போனது. அது வேறு கதை.

ட்ரெயிலுக்கு வருவோம். 1925லும் 1927லும் நிறுவனம் 409 அடி உயரத்தில் இரண்டு புகைபோக்கிகளை எழுப்பியது. உயரத்தில் விட்டால் புகை கலைந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் சுற்றிலும் மலை. புகை கலையவில்லை, பள்ளத்தாக்கையே குழாயாக்கிக்கொண்டு ஆற்றோடு தெற்கே போனது. 1930 வாக்கில் ஒரு நாளைக்கு 300 டன்னுக்கு மேல் கந்தகம் காற்றில் போய்க்கொண்டிருந்தது. எல்லைக்கு அப்பால் ஸ்டீவன்ஸ் கவுண்டியின் விவசாயிகள் பயிர் கருகுவதைப் பார்த்தார்கள். காட்டு மரங்களின் ஊசியிலைகள் செம்பழுப்பாகி உதிர்வதையும் பார்த்தார்கள். 1928ல் சங்கம் அமைத்தார்கள்.

நிலத்தை விலை கொடுத்து வாங்கியோ, 'புகை விட்டுக்கொள்ள அனுமதி' என்று எழுதி வாங்கியோ ஆளை அனுப்பிவிடுவது அந்தக் காலத்து உருக்காலைகளின் வழக்கம். இங்கே அது செல்லுபடியாகவில்லை. வெளிநாட்டவர் நிலவுரிமை பெறுவதை வாஷிங்டன் மாநில அரசியல் சட்டம் தடுத்திருந்தது. விவசாயிகளின் கையில் இருந்த துருப்புச்சீட்டு அதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விவசாயிகளின் சந்தை ஊரான நார்த்போர்ட்டிலேயே ஒருகாலத்தில் ஓர் உருக்காலை இருந்தது. 1898ல் தொடங்கி, இடையில் நின்று, 1920களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதனால் செத்த மரம் எந்தப் புகையால் செத்தது, கனடாப் புகையா உள்ளூர்ப் பழைய புகையா என்ற கேள்வி கடைசிவரை ஒட்டிக்கொண்டே வந்தது.

இரு நாட்டுக் கூட்டு ஆணையம் 1931ல் 3,50,000 டாலர் கொடுக்கச் சொன்னது. விவசாயிகளுக்குத் திருப்தியில்லை. 1935ல் ஒப்பந்தம் போட்டு நடுவர் மன்றம் அமைத்தார்கள். பெல்ஜியத்துக்காரர் தலைவர், பக்கத்துக்கு ஒருவராக அமெரிக்கரும் கனடியரும்.

இனி ஆய்வகத்துக்குள் போகலாம். அன்றைய ஜெர்மன் தாவர அறிஞர்கள் சிலர் ஒரு கருத்தைப் பரப்பியிருந்தார்கள். புகையால் இலை கருகினால்தான் சேதம் என்பதில்லை. வெளியே ஒன்றும் தெரியாமலேயே செடி உணவு தயாரிப்பது குறையலாம், வளர்ச்சி மந்தமாகலாம் என்பது அது. 'கண்ணுக்குத் தெரியாத காயம்' என்று அதற்குப் பெயர். உருக்காலைகளுக்கு இதைவிட ஆபத்தான கருத்து கிடையாது. கருகிய இலையை எண்ணிவிடலாம். தெரியாத காயத்தை எந்த விவசாயியும் எத்தனை மைல் தள்ளியிருந்தும் கோரலாமே.

கனடாவின் தேசிய ஆய்வு மன்றம் சம்மர்லாண்ட் என்ற ஊரில் சோதனை வயல் போட்டது. மோரிஸ் கட்ஸ் என்ற வேதியியலாளர் அதில் முக்கியமானவர். அமெரிக்கத் தரப்பு வெனாட்சியில் தன் சோதனைகளை நடத்தியது. பயிருக்கு மேல் கண்ணாடி அறையைக் கவிழ்த்து, அளந்து வாயுவைச் செலுத்தி, என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதிகம் சோதிக்கப்பட்டது குதிரைமசால். மாட்டுத் தீவனம், இந்த வாயுவுக்கு ரொம்பச் சீக்கிரம் வாடும்.

நடப்பது இதுதான். இலையின் துளைகள் வெளிச்சத்திலும் ஈரத்திலும் திறக்கின்றன. வாயு உள்ளே போய் இலையின் ஈரத்தில் கரைந்து சல்ஃபைட் ஆகிறது. செடி அதைச் சல்ஃபேட்டாக மாற்றிச் சமாளித்துக்கொள்ளும். மெதுவாக வந்தால் பிரச்சினையில்லை, கந்தகம் குறைந்த மண்ணில் அது உரமாகக்கூட ஆகும். மாற்றும் வேகத்தைவிட வரும் வேகம் கூடினால் செல்கள் சரிந்து, நரம்புகளுக்கு நடுவில் இலை வெளுத்துப் போகும். கனடியச் சோதனைகள் காட்டியது என்னவென்றால், இலையில் அடையாளம் விழாத அளவுக்கு வாயு கொடுத்தால் விளைச்சலும் குறையவில்லை. அதாவது கண்ணுக்குத் தெரியாத காயம் என்று ஒன்று கிடையாது.

இது பொய்யான அறிவியல் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. கவனமாகச் செய்த வேலை. தாவரங்களின் மீது காற்று மாசின் விளைவு பற்றிய படிப்புக்கு அடித்தளம் போட்டவற்றுள் அதுவும் ஒன்று. எனக்கு உறுத்துவது அது பதில் சொன்ன கேள்வி. அறைக்குள் இருந்தது பராமரிப்பில் வளர்ந்த பயிர், சில மாதக் கதை. வெளியே வறண்ட மலைச்சரிவில் நிற்பது நூறு வருஷம் வாழ வேண்டிய பாண்டரோசா பைனும் டக்ளஸ் ஃபிரும். குதிரைமசால் அறுத்தால் மறுபடி துளிர்க்கும். பைன் மரம் ஊசியிலையை இரண்டு மூன்று வருஷம் வைத்திருந்து அதை நம்பித்தான் பிழைக்கிறது. அதுவே உதிர்ந்துகொண்டிருந்தால் மரம் உடனே சாகாது. மெலிந்த வளையம் போடும், கூம்புக்காய் குறைவாக வைக்கும், கீழே கன்று முளைக்காது. காட்டில் நின்று பார்ப்பவருக்குப் பெரிய மரங்கள் எல்லாம் இருப்பதுபோலத்தான் தெரியும். அடுத்த தலைமுறைதான் இருக்காது. மரங்களின் வளையங்களையும் விதைப்பையும் வைத்து இதைச் சொன்னவர்கள் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள். அவர்களுடைய முழு அறிக்கை அச்சில் வந்தது 1955ல். தீர்ப்பு வந்து 14 வருஷம் கழித்து.

1938ல் முதல் தீர்ப்பு. அமெரிக்கா கேட்டது வட்டியில்லாமலே 18 லட்சம் டாலருக்கு மேல். ஏழு தலைப்புகளில் கேட்டது. திருத்திய நிலத்துக்கும் மரத்துக்குப் பயன்படாத திருத்தாத நிலத்துக்கும் சேர்த்து 62,000 டாலர், மரத்துக்குப் பயன்படும் திருத்தாத நிலத்துக்கு 16,000 டாலர், ஆக 78,000 டாலர் என்று மன்றம் முடித்தது. 1932 தொடக்கத்திலிருந்து 1937 அக்டோபர் வரைக்குமான சேதத்துக்கு அவ்வளவுதான். ஆடுமாடுகளுக்கு நடந்ததாகச் சொன்ன கெடுதல் நிரூபணமாகவில்லை. நார்த்போர்ட் கடைக்காரர்களின் நஷ்டம் மறைமுகமானது. ஆற்றில் கொட்டிய உலைக்கசடால் வந்த சேதத்துக்கும் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவின் இறையாண்மைக்கு நேர்ந்த அத்துமீறல் என்ற தலைப்பு ஒப்பந்தத்துக்குள்ளேயே வராது என்று விட்டார்கள்.

அந்த ஏழு தலைப்புகளை மறுபடி மறுபடி பார்த்தேன். மானோ பறவையோ காட்டுப்பூவோ எதிலும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும். காடு வந்ததுகூட 'திருத்தாத நிலம்' என்ற பெயரில், நிலத்தின் சந்தை விலை எவ்வளவு இறங்கியது என்ற கணக்கில்தான்.

வேறு மாதிரி யோசிக்க முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. டென்னசி மாநிலத்தின் டக்டவுனில் செம்பு உருக்காலைகள் சுற்றுவட்டாரக் காட்டைச் செம்மண் பாலைவனமாக்கியபோது, பக்கத்து மாநிலமான ஜார்ஜியா அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1907ல் நீதிபதி ஹோம்ஸ், குடிமக்களின் தனித்தனி நிலவுரிமைக்கு அப்பால், தன் எல்லைக்குள் இருக்கும் மண்ணிலும் காற்றிலும் மாநிலத்துக்கே ஓர் அக்கறை உண்டு, மலைக்காடு மொட்டையாகக் கூடாது என்று அது கேட்கலாம் என்று தீர்ப்பு எழுதினார். ட்ரெயில் மன்றம் அமெரிக்க வழக்குகளையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றுதான் ஒப்பந்தமே இருந்தது. கொள்கைக்கு அந்தத் தீர்ப்பு உதவியது. பண விஷயத்தில் மன்றம் சொந்தக்காரரின் கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டது. இந்த வழக்கின் வரலாற்றை எழுதிய ஜான் வர்த், முடிவு மொத்தத்தில் உருக்காலைத் தொழிலுக்குச் சாதகமாகத்தான் அமைந்தது என்கிறார். தீர்ப்பைப் படித்தபின் நானும் அந்தக் கட்சிதான்.

ஆனாலும் 1938க்கும் 1941க்கும் இடையில் அங்கே நடந்த ஒரு வேலையை மெச்சாமல் இருக்க முடியாது. பள்ளத்தாக்கு நெடுக வாயுவைத் தானாகவே பதியும் கருவிகளை வைத்தார்கள். ஒரு வினோதம் வெளிப்பட்டது. புகை காற்றோடு நகர்ந்தால் பக்கத்து ஊரில் முதலிலும் தூரத்து ஊரில் பிறகும்தானே உச்சம் தெரிய வேண்டும்? பல மைல் இடைவெளியில் இருந்த கருவிகள் ஒரே நேரத்தில், காலையில், எகிறின. வெண்டல் ஹ்யூசன் என்ற வானிலையாளர் காரணம் சொன்னார். இரவில் தரை குளிர்ந்து காற்று அசையாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். புகை கலையாமல் ஒரு நீளத் துணிபோல உயரத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் படர்ந்து நிற்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கீழும் மேலுமாகப் புரளும், மேலே நின்ற துணி மொத்தமும் ஒரே சமயத்தில் தரைக்கு இறங்கும். அது இறங்கும் நேரம் எது? இலைத்துளைகள் திறந்து கிடக்கும் நேரம்.

1941ன் இறுதித் தீர்ப்பு இதை விதியாக்கியது. செடிகள் வளரும் பருவத்தில் இவ்வளவு, வளராத பருவத்தில் இவ்வளவு; இந்த நேரத்தில், காற்று இப்படி அடித்தால், இத்தனை டன்னுக்கு மேல் கந்தகம் விடக்கூடாது. ஓர் உருக்காலை தன் வேலை நேரத்தைச் செடியின் நாளுக்கு ஏற்ப மாற்ற வேண்டியதாயிற்று. சட்டப் புத்தகங்களில் மேற்கோளாகும் அந்தக் கொள்கை வாசகத்தைவிட இந்த அட்டவணை எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்குள் நிறுவனம் வேறு வழியும் கண்டுபிடித்திருந்தது. புகையிலிருந்து கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி, அதை உரமாக்கி, 1930களிலேயே விற்க ஆரம்பித்தது. உரத்தின் பெயர் யானை மார்க். நம்மூர்த் தீப்பெட்டிப் பெயர்போல இருக்கிறது, இல்லையா? எல்லைக்கு அப்பால் பயிரைக் கருக்கிய அதே கந்தகம்தான் மூட்டையில் பயிருக்கு உணவாகப் போனது.

சொந்தக்காரரை விட்டுவிட்டுக் காட்டைப் பற்றியே கேட்டால் எப்படி இருக்கும்? அதற்கு அதே கனடாவின் ஒண்டாரியோவில் சட்பரி என்ற நகரத்துக்குப் போக வேண்டும். 1880களில் ரயில் பாதை போடும்போது நிக்கலும் செம்பும் அகப்பட்ட இடம். தொடக்க காலத்தில் விறகை அடுக்கி அதன்மேல் தாதுவைக் குவித்து வெட்டவெளியிலேயே மாதக்கணக்கில் எரியவிட்டார்கள். புகை தரையோடு தவழ்ந்தது. விறகுக்கு வெட்டியது போக மிச்சமிருந்த காட்டைப் புகை கொன்றது, மண்ணை மழை அரித்துப் போனது, பாறை கறுத்தது. சுமார் 20,000 ஹெக்டேர் மொட்டை நிலம், அதைச் சுற்றி இன்னொரு 80,000 ஹெக்டேர் அரைமொட்டை. அப்போலோ விண்வெளி வீரர்கள் அங்கே பயிற்சிக்கு வந்தது சந்திரன்போல இருப்பதால்தான் என்று இன்றும் சொல்வார்கள். உண்மையில் வந்தது பழைய விண்கல் மோதலின் தடயப் பாறைகளைப் பார்க்க. ஆனாலும் வதந்தி நிற்கிறது என்றால் ஊர் எப்படி இருந்திருக்கும், பாருங்கள். 1972ல் அங்கேயும் அதே வைத்தியம்: 381 மீட்டர் உயரப் புகைபோக்கி. ஊர்க் காற்று தேறியது. புகை தூரத்து ஏரிகளுக்குப் போனது.

1978ல் நகராட்சி மாணவர்களையும் வேலையிழந்தவர்களையும் வைத்து மலைகளில் சுண்ணாம்புப் பொடியைக் கையால் தூவத் தொடங்கியது. புல் விதைத்தார்கள், பிறகு மரக்கன்று. இதுவரை ஒரு கோடி மரத்துக்கு மேல் நட்டாயிற்று. அமில மண்ணில் நிக்கலும் செம்பும் நீரில் கரைந்து வேரைக் குட்டையாக்கும். சுண்ணாம்பு அமிலத்தை முறித்தால் உலோகம் மண்ணிலேயே இருந்தாலும் வேருக்குள் போவது குறையும். சுண்ணாம்பு போட்ட இடத்தில் பிர்ச்சும் பாப்லரும் யாரும் விதைக்காமல் தாமாகவே வந்தன.

2001ல் அங்கே தொடங்கிய மண் ஆய்வில்தான் நான் தேடிய கேள்வி இருந்தது. ஆய்வின் மனித நலப் பகுதி 2008ல் வந்தது, சூழல் பகுதி 2009ல். சூழல் பகுதியின் முதல் கேள்வி இது: ஆர்செனிக், காட்மியம், கோபால்ட், செம்பு, காரீயம், நிக்கல், செலினியம் ஆகிய ஏழும், தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் ஒரு காடு திரும்பி வருவதைத் தடுக்கின்றனவா? யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்கவில்லை. காடு மீள முடிகிறதா என்று கேட்டார்கள். ஒரே சோதனையை நம்பவும் இல்லை. 22 இடங்களில் என்னென்ன செடி நிற்கிறது என்று எண்ணினார்கள். அந்த மண்ணை எடுத்துவந்து ஆய்வகத்தில் புல்லும் குளோவரும் வளர்த்தார்கள், மண்புழு விட்டார்கள். இலைச்சருகைப் பையில் போட்டு வைத்து மட்குகிறதா என்று பார்த்தார்கள். இந்தக் கடைசிச் சோதனை என்னைக் கவர்ந்தது. மரம் பச்சையாக நின்றாலும் சருகு மட்காவிட்டால் சத்து மண்ணுக்குத் திரும்பாது. கண்ணுக்குத் தெரியாத காயம் என்று எழுபது வருஷத்துக்கு முன் சிரித்து ஒதுக்கியதை அளக்க ஒரு சருகுப் பை போதுமாக இருந்திருக்கிறது. பதில்: ஆம், தடுக்கின்றன. உலோகத்தோடு அமிலமும் மண்ணரிப்பும் சத்துக் குறைவும் சேர்ந்து தடுக்கின்றன.

விலங்குகளுக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. ஒரு மூஞ்சூறு நாளொன்றுக்கு எவ்வளவு புழு தின்கிறது, அதோடு எவ்வளவு மண் வயிற்றுக்குள் போகிறது, அதில் எவ்வளவு நிக்கல், அதன் எடைக்கு அது தாங்குமா என்று வகுத்துப் பார்க்கிறார்கள். மூஸ் மானுக்கும் ராபின் பறவைக்கும் இப்படியே. இனத்தின் மொத்தத் தொகைக்கு உலோகத்தால் நேரடி ஆபத்தில்லை, காடு கெட்டதால் இருப்பிடம் போனதுதான் அவற்றுக்கு நடந்த கெடுதல் என்று முடித்தார்கள். மனிதர்களைப் பற்றிய பகுதியில் ஒவ்வொரு குழந்தையும் கணக்கு. மூஞ்சூறு என்றால் இனத்தொகைதான் கணக்கு, தனி மூஞ்சூறு செத்தால் பரவாயில்லை. விதிவிலக்கு, அருகிவரும் இனங்கள். பெரிகிரின் வல்லூறு மட்டும் தனித்தனிப் பறவையாக எண்ணப்படும் தகுதியைப் பெற்றது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவை அங்கிருந்த இரண்டு சுரங்க நிறுவனங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசும் நகரமும் மேற்பார்வைக் குழுவில் இருந்தன. இருந்தாலும் கேள்வி நன்றாக இருந்ததால் நிறுவனங்களுக்குப் பிடிக்காத பதிலும் வந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

ட்ரெயில் வழக்கும் முடிந்துபோகவில்லை. 1938ல் ஒதுக்கப்பட்ட உலைக்கசடு திரும்பி வந்தது. கறுப்பு மணல்போன்ற அந்தக் கசடை உருக்காலை 1995 வரை கொலம்பியா ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தது. எல்லைக்கு அப்பால் ஆற்றோரம் வாழும் கோல்வில் பழங்குடிக் கூட்டமைப்பைச் சேர்ந்த இருவர் 2004ல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1938ல் பெயரே எழாத அந்த மக்கள், நிறுவனம் பொறுப்பு என்று 2012ல் தீர்ப்பு வாங்கினார்கள். பிறகு புகையையும் சேர்த்தார்கள்: ஆற்றில் கொட்டிய அதே உலோகம் புகையாகவும் வந்து எங்கள் நிலத்தில் படிந்திருக்கிறது, அதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. மாசுச் சட்டத்தில் 'கொட்டுதல்' என்ற சொல்லுக்குள் புகைபோக்கி வழியே காற்றில் விடுவது அடங்காது என்றது. நார்த்போர்ட் பக்கம் ஆற்றங்கரை ஒன்றில் ஒதுங்கிக் கிடந்த கறுப்பு மணலை நிறுவனம் 2010லேயே அள்ளிக்கொண்டு போயிருந்தது.